தலைமையா, பன்மையா? ‘மெஜாரிட்டி’ என்ற சொல்லைப் பிரித்து வாசித்தல்

1

‘மெஜாரிட்டி’ என்பதை ஆங்கிலச் சொல் என்றே இப்போது யாரும் நினைப்பதில்லை. டீக்கடையிலும் சங்கக் கூட்டத்திலும் வேட்பாளர் தேர்விலும் அது தமிழாகவே புழங்குகிறது. “இந்தத் தொகுதியில எங்க ஆளுங்கதான் மெஜாரிட்டி” என்று ஒருவர் சொல்கிறார். இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. ஒன்று, எங்கள் தலைகளை எண்ணினால் மற்றவர்களை விட அதிகம் வரும் என்பது. மற்றது, எங்களைக் கேட்காமல் இங்கே எதுவும் நடக்காது என்பது. முதல் கூற்றைச் சரிபார்க்கலாம், பொய்யென்று காட்டவும் செய்யலாம். இரண்டாவது கூற்று எண்ணிக்கைக்குள் இல்லை. ஆனாலும் கேட்பவருக்கு முதலில் உறைப்பது அதுதான். எண்ணிக்கையைப் பற்றிய ஒரு சொல்லுக்குள் இந்த அதட்டல் எங்கிருந்து வந்தது?

பேசுகிறவரின் தொனியில் இருந்து வந்தது என்று சொல்லித் தப்பித்துவிடலாம். என் வாசிப்பு வேறு. ஒரு கூட்டத்தின் பெரும்பகுதியைக் குறிக்க ஆங்கிலம் வைத்திருக்கும் சொற்களில், குறிப்பாக மெஜாரிட்டியில், எண்ணிக்கையும் அந்தஸ்தும் தொடக்கத்திலேயே பிசைந்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதைப் ‘பெரும்பான்மை’ என்று பெயர்த்தபோது நாம் எண்ணிக்கையை மட்டும் பெயர்த்ததாக நினைத்துக்கொண்டோம். அந்தஸ்து சுங்கம் கட்டாத சரக்காக உள்ளே வந்துவிட்டது. இதில் ஒரு முரண் உண்டு. இவ்விரண்டையும் பிரித்து அறிய ஒரு கருவி நம்முடைய இலக்கணத்திலேயே இருந்தது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் அதை நூற்பா, உரை, எடுத்துக்காட்டு என்று மனப்பாடம் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம்.

2

முதலில் சொல்லின் பூர்வீகம். லத்தீனில் ‘மாயோர்’ என்றால் பெரியது, மூத்தது. ‘மாயோரெஸ்’ என்று பன்மையில் சொன்னால் முன்னோர். ராணுவத்து மேஜரும் நகரத்து மேயரும் இந்த வேரில் முளைத்தவர்களே. ஆங்கிலத்தில் மெஜாரிட்டி 16ஆம் நூற்றாண்டின் நடுவில் நுழைந்தபோது அதற்கு ‘மேலாக இருக்கும் நிலை’ என்று பொருள். விரைவிலேயே ‘சட்டப்படி வயதுக்கு வந்த நிலை’ என்ற பொருளும் சேர்ந்தது. ‘தொகையில் பெரிய பகுதி’ என்று நாம் இன்று முதலில் நினைக்கும் பொருள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வருகிறது. ஆக, இந்தச் சொல்லின் வாழ்க்கையில் முதலில் வந்தது மேன்மை, பிறகு வயது, எண்ணிக்கை கடைசி. மைனாரிட்டியின் கதையும் இப்படித்தான். அது முதலில் வயது வராத பிள்ளையின் நிலை, வெகுகாலம் கழித்தே சிறு தொகையினர். மதம், மொழி, இனம் சார்ந்த ஒரு குழுவுக்கு அது அரசியல் பெயராக நிலைத்தது முதல் உலகப்போருக்குப் பிறகு, 1919இன் சிறுபான்மையினர் ஒப்பந்தங்களை ஒட்டி.

சொல்லின் பழைய பொருள் செத்துப்போய்விட்டது, வேரைத் தோண்டி அரசியல் பேசக்கூடாது என்று நண்பர்கள் சொல்லலாம். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் இந்தச் சொல்லில் பழைய பொருள் சாகவில்லை. தமிழிலேயே பாருங்கள். வீட்டை எதிர்த்துச் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இருவர் காவல் நிலையத்தில் தஞ்சம் புகுகிறார்கள். செய்தித்தாள் எழுதுகிறது: “இருவரும் மேஜர் என்பதால்...” இந்த மேஜர் 1875ஆம் ஆண்டின் இந்திய மெஜாரிட்டி சட்டத்திலிருந்து வருபவர். அந்தச் சட்டம் 18 வயதை எல்லையாக வைத்தது. நிலையத்துக்கு வெளியே வேனில் வந்து இறங்கி நிற்பது ஊர். அதுவும் மெஜாரிட்டிதான், எண்ணிக்கையில். உள்ளே இருப்பது இரண்டே பேர், வயதில் மெஜாரிட்டி. ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கிறது. வயது வந்த ஒருவர் விரும்பியவரை மணக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் லதா சிங் வழக்கிலும் 2018இல் சக்தி வாகினி வழக்கிலும் சொன்னபோது, முதல் மெஜாரிட்டியை இரண்டாவதன் முன்னால் நிறுத்திக் காத்தது. நடைமுறையில் யார் ஜெயிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். “நேத்துப் பொறந்த புள்ளைக்கு என்ன தெரியும்?” என்று ஊர் கேட்கும்போது அது எண்ணிக்கையைப் பேசவில்லை. எதிரே நிற்பவரின் வயதைப் பறித்து அவரை மைனராக்குகிறது.

மைனர் என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்ந்தது இன்னும் வேடிக்கை. ஜமீன் வாரிசு வயது வராதவனாக இருந்தால் சொத்து ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ வசம் போகும், பையன் செலவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு திரிவான். பட்டு ஜிப்பா, கழுத்தில் சங்கிலி, வேலைவெட்டி கிடையாது. இந்த உருவத்திலிருந்துதான் நம்முடைய ‘மைனர்’ பிறந்தான் என்று நினைக்கிறேன். மைனர் செயினும் அவன் வழியாக நகைக்கடைக்கு வந்தது. சட்டத்தின் முன் உரிமை இல்லாதவன் ஊர் முன்னால் அட்டகாசமானவன் ஆனான். பொருளிருந்தால் மைனர் என்பதும் அந்தஸ்துதான். ஒரு சொல் எந்த வர்க்கத்தின் உடம்பில் ஏறுகிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் தலைகீழாகிறது.

காலனியம் இந்த வயதுப் பொருளை வைத்துத்தான் ஆண்டது. பெரும்பான்மையின் கொடுங்கோன்மை என்ற கருத்தை தோக்வில் 1835இல் அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றி எழுதும்போது விரித்தார். 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரம் பற்றிய தன் நூலில் அதை எடுத்துக்கொண்டு, சமூகத்தின் கருத்து தனிமனிதனை நசுக்குவதை எதிர்த்தார். நாம் இன்றும் மேற்கோள் காட்டும் மில் இவர்தான். அதே நூலின் தொடக்கத்தில், இந்தச் சுதந்திரக் கோட்பாடு குழந்தைகளுக்குப் பொருந்தாது, பின்தங்கிய சமூகங்களுக்கும் பொருந்தாது, அந்த இனங்களே இன்னும் வயதுக்கு வராதவை எனக் கருதலாம் என்கிறார். மில் 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஆக, எண்ணிக்கையில் கோடிக்கணக்கான பேர் மைனர், கப்பலில் வந்த கொஞ்சம் பேர் மேஜர். இங்கே மெஜாரிட்டியின் கொடுங்கோன்மை இருந்தது, அந்தச் சொல்லின் பழைய பொருளில். கொடுங்கோன்மையை விமர்சித்தவரின் கண்ணுக்கு அது படவில்லை.

3

எண்ணிக்கைக்கு வருவோம். அங்கேயாவது சுத்தமாக இருக்கிறதா? இல்லை.

இடைக்கால கிறித்துவ மடங்களிலும் பேராலயக் குழுக்களிலும் தேர்தல் நடந்தபோது, ‘பெரிய பகுதி’யின் விருப்பம் மட்டும் போதவில்லை. ‘பெரியதும் நலமிக்கதுமான பகுதி’ என்று திருச்சபைச் சட்டம் பேசியது. அதாவது தலைகளை எண்ணு, அதோடு எடையும் போடு. இந்த இரண்டும் முரண்பட்டால் எது நலமிக்க பகுதி என்று யார் தீர்ப்பது? சண்டை வந்தது. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம் போப் தேர்தலுக்கு மட்டும் மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கை வைத்தது. போப்புக்கு மேலே தீர்ப்புச் சொல்ல ஆளில்லை, அதனால் அங்கே எண்ணைத் தவிர வழியில்லை. நம் சட்டமன்றங்களில் இன்றும் கேட்கும் ‘மூன்றில் இரண்டு பங்கு’ என்ற பேச்சின் மூதாதை இந்த ஏற்பாடு. தகுதி பற்றிய சண்டையை மூடி வைக்கத்தான் எண்ணிக்கை வந்தது. ‘பெரும்பான்மையின் தீர்ப்பு’ என்று சொல்லும்போது வருகிற அந்தப் புனித வாடை, எடை போட்ட காலத்தின் மிச்சம்.

அடுத்து ‘ப்ளூராலிட்டி’. பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காதபோது, இருப்பவர்களில் அதிகம் பெற்றவரின் தொகைக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் இது. 1828இல் வெளியான வெப்ஸ்டர் அகராதியே இரண்டையும் பிரித்துச் சொல்கிறது: பாதியைத் தாண்டினால் மெஜாரிட்டி, தாண்டாமல் முதலில் வந்தால் ப்ளூராலிட்டி. பிரிட்டிஷ் ஆங்கிலம் இந்தப் பிரிவைப் பெரிதாக மதிக்கவில்லை. அங்கே ஒரு வேட்பாளரின் மெஜாரிட்டி என்றால் அடுத்தவரை அவர் எத்தனை ஓட்டில் முந்தினார் என்பது. 10,000 பேரில் 4,000 ஓட்டு வாங்கியவர், 3,900 வாங்கியவரை 100 ஓட்டு ‘மெஜாரிட்டி’யில் தோற்கடித்தார் என்று தயங்காமல் எழுதலாம். அவரை வேண்டாம் என்ற 6,000 பேர் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை.

நாம் பெற்றது பிரிட்டிஷ் தேர்தல் முறை, அதோடு பிரிட்டிஷ் சொல். இந்திய நாடாளுமன்றப் பொதுத்தேர்தல்களில் எந்தக் கட்சியும் பதிவான ஓட்டில் பாதியைத் தாண்டியதில்லை. 1984இல் காங்கிரஸ் கிட்டத்தட்ட 49 விழுக்காடு தொட்டது, அதுவே உச்சம். 2014இல் 31 விழுக்காடு ஓட்டு 543 இடங்களில் 282 ஆனது. 2021இல் தமிழ்நாட்டில் தி.மு.க.வின் சுமார் 38 விழுக்காடு 234இல் 133 ஆனது. பிரிட்டனிலேயே 2024இல் தொழிற்கட்சி சுமார் 34 விழுக்காட்டில் 650 இடங்களில் 411ஐப் பிடித்தது. கட்சி எதுவானாலும் ரசவாதம் ஒன்றுதான். வெளியே ப்ளூராலிட்டி, உள்ளே மெஜாரிட்டி. மறுநாள் பத்திரிகையில் ‘மக்கள் தீர்ப்பு’. பெரும்பாலான ஓட்டுகள் எதிராக விழுந்த ஒரு கட்சி ‘அறுதிப் பெரும்பான்மை’ பெற்றது என்று எழுதும்போது பொய் சொல்லவில்லை. எதில் பெரும்பான்மை என்பதைச் சொல்லாமல் விடுகிறோம், அவ்வளவுதான்.

எண்ணிக்கை வசைச்சொல் ஆவதும் இங்கேதான். 2006இல் தி.மு.க. 96 இடங்களோடு கூட்டணிக் கட்சிகளின் ஆதரவில் ஆட்சி அமைத்தது. ஐந்து ஆண்டுகளும் ஜெயலலிதா தன் அறிக்கைகளில் அதை ‘மைனாரிட்டி தி.மு.க. அரசு’ என்றே எழுதிவந்தார். அரசியல் சட்டப்படி அது ஒரு கணக்கு விவரம், ஆதரவு இருந்தவரை குறை ஏதுமில்லை. ஆனால் அந்த அடைமொழியைக் கேட்டவர்களுக்கு ‘தகுதி குறைந்த’, ‘சொந்தக் காலில் நிற்காத’ என்றுதான் விழுந்தது. ‘சிறுபான்மை அரசு’ என்று தமிழில் சொல்லியிருந்தால் அந்த இளக்காரம் வந்திருக்காது. மைனர் என்ற வயது வராத பிள்ளை அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

4

ஆங்கிலத்தின் மற்ற சொற்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ‘பல்க்’ என்பது கப்பல் சரக்கிலிருந்து வந்தது, குவியலின் நினைவு இன்னும் ஒட்டியிருக்கிறது. மனிதர்களுக்கு அதைச் சொன்னால் மூட்டை கட்டிவிட்டது போல இருக்கும். ‘சிங்கத்தின் பங்கு’ ஈசாப் கதையிலிருந்து. நம் நாளிதழ்கள் ‘சிங்கப் பங்கு’ என்று பெரும்பகுதியைக் குறிக்க எழுதுகின்றன. வழங்கிவரும் கதையில் சிங்கம் பெரும்பகுதியை எடுக்கவில்லை, பங்கு பங்காகப் பிரித்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. முழுவதையும் பறித்ததை ‘அதிகப் பங்கு’ என்று நாசூக்காகச் சொல்லும் இந்தச் சொல் முதலாளித்துவத்துக்கு வெகு பொருத்தம்.

‘மோஸ்ட்’ கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். தர்க்கவியலில் ‘எல்லாம்’, ‘சில’ என்ற இரண்டுக்கும் நல்ல இடம் உண்டு. ‘மோஸ்ட்’டுக்கு இல்லை. ‘எல்லாம்’, ‘சில’ இவற்றை மட்டும் அளவைச் சொற்களாகக் கொண்ட முதல்நிலைத் தர்க்கத்தில் அதை வரையறுக்க முடியாது என்பதை பார்வைஸ், கூப்பர் இருவரும் 1981இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. அதற்கு இரண்டு தொகைகளை ஒப்பிட வேண்டும்: இப்படி இருப்பவர் எத்தனை, இப்படி இல்லாதவர் எத்தனை. அதாவது ‘மோஸ்ட்’ என்று நாணயமாகச் சொல்ல, அதில் சேராதவர்களையும் எண்ணியாக வேண்டும். விடுபட்டவர்களை எண்ணாமல் பெரும்பான்மையே இல்லை. இது தர்க்கம் தரும் ஒரு அறப்பாடம் என்று எனக்குப் படுகிறது.

நம் பேச்சுத் தமிழ் இதற்கு என்ன வைத்திருக்கிறது? ‘முக்காவாசிப் பேரு’. பாதிக்கு மேல் என்று சொல்லவே நாக்கு வராது, ஒரேயடியாக 75 விழுக்காடு. எவன் எண்ணினான்? யாரும் எண்ணவில்லை. ‘பலர்’ என்ற சொல் மொத்தத்தைக் கணக்கிலேயே எடுக்காது. ‘அநேகம் பேர்’ அதற்கு அண்ணன். எல்லாவற்றையும் விட வினோதம், சமூகம் முழுவதற்கும் நாம் வைத்திருக்கும் எண் நாலு. “நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” “நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்.” பாடை தூக்கவும் நாலு பேர்தான். நாலு பேர் என்பது எண்ணிக்கையே கிடையாது, அது நெறியின் பெயர். ஒரு பெண் ராத்திரி தாமதமாக வீடு திரும்பும்போது தெருவில் ஒருவர்கூட விழித்திருக்க வேண்டியதில்லை, ‘நாலு பேர்’ பார்த்துவிடுவார்கள். எண்ணிக்கையின் சட்டையை மாட்டிக்கொண்டு அதிகாரம் நடமாடுவது ஆங்கிலத்தின் தனிச்சொத்து இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

5

இப்போது நம்முடைய இலக்கணம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா இந்தப் பிரச்சினையை நேராகப் பேசுகிறது. பல பொருள் கலந்து கிடக்கும் ஓரிடத்தை, உள்ளே இருக்கும் மற்றவற்றைச் சொல்லாமல் விட்டு, ஒன்றின் பெயரால் மட்டும் எப்படி அழைக்கிறோம்? அதற்கு இரண்டு காரணங்களை அது தருகிறது. ஒன்று தலைமை, மற்றது பன்மை. உயர்திணைக்கும் இதே, அஃறிணைக்கும் இதே. உரைகள் தரும் எடுத்துக்காட்டுகள் கூர்மையானவை. தோட்டத்தில் வேறு மரங்களும் இருக்கும், கமுகந்தோட்டம் என்கிறோம். அது கமுகின் தலைமை பற்றி. காட்டில் வேறு மரங்களும் இருக்கும், ஒடுவங்காடு என்கிறோம். அது ஒடுவின் பன்மை பற்றி. மனிதர்களில் எயினர்நாடு என்பது எயினர் பலராக இருப்பதால். பார்ப்பனச்சேரி என்பது, பலர் வாழும் சேரியில் பார்ப்பனர் சிலரே ஆனாலும், அவர் தலைமையால்.

ஆங்கிலச் சொல் பிசைந்து வைத்ததை இந்த நூற்பா பிட்டு வைக்கிறது. ஒரு பகுதி முழுமைக்குப் பெயராகும்போது, அது அதிகம் இருப்பதாலா, உசத்தி என்று கொள்ளப்படுவதாலா என்று கேட்கச் சொல்கிறது.

இலக்கணத்தைக் கொண்டாடி மாலை போடுவது என் நோக்கம் இல்லை. தலைமைக்கு எடுத்துக்காட்டுத் தேடியபோது உரைகாரர்களுக்குப் பார்ப்பனரும், பன்மைக்குத் தேடியபோது எயினரும் கைக்கு வந்தார்கள் என்பதில் ஒரு சமூகமே இருக்கிறது. எண்ணிக்கை கீழே இருப்பவனுக்கு, பெயர் மேலே இருப்பவனுக்கு. ‘சேரி’ என்ற சொல் பின்னர் யார் தலையில் கட்டப்பட்டது, ‘ஊர்’ என்ற முழுமையின் பெயரை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். “ஊர்க்காரங்க வந்திருக்காங்க” என்று சொல்லும்போது காலனி மக்கள் அந்த ஊரில் சேர்த்தி இல்லை, எத்தனை நூறு குடும்பம் இருந்தாலும் சரி. ஆனால் இலக்கணம் ஒரு நேர்மையைக் காட்டிவிடுகிறது. தலைமையைத் தலைமை என்றே சொல்கிறது, அதற்குப் பன்மை வேஷம் போடவில்லை.

‘பெரும்பான்மை’ என்ற சொல்லும் உரையாசிரியர்களுடையதுதான். ஒரு விதி பெரும்பான்மை இப்படி வரும், சிறுபான்மை அப்படியும் வரும் என்று சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அங்கே சிறுபான்மை பிழை கிடையாது, வழக்கில் உள்ள ஒன்று. அதற்கும் இலக்கணம் சொல்லியாக வேண்டும், புறனடை போட்டாவது உள்ளே கொண்டுவர வேண்டும். அது எந்தச் சொல்லின் நிரந்தர அடையாளமும் இல்லை. ஒரு விதியில் பெரும்பான்மையாக வருவது இன்னொரு விதியில் சிறுபான்மையாக வரலாம். இந்தச் சொல்லை எடுத்து மனிதக் கூட்டங்களுக்கு நிலையான பெயராக ஒட்டியது நம் நவீன காலத்தின் வேலை. ஒரு சின்ன இலக்கண மாற்றத்தையும் கவனிக்கலாம். ‘பெரும்பான்மையோர் முடிவு செய்தார்கள்’ என்றால் ஆட்கள் தெரிகிறார்கள், உயர்திணைப் பன்மை. ‘பெரும்பான்மை முடிவு செய்தது’ என்றால் அஃறிணை ஒருமை. ஆட்கள் கரைந்து ஒரே விலங்காகிறார்கள். ஆங்கிலத்தில் மெஜாரிட்டிக்கு ஒருமை வினையா, பன்மை வினையா என்று நடைக் கையேடுகள் விவாதிப்பதும் உண்மையில் இந்தக் கேள்விதான்.

6

பிறப்பால் ஆன பெரும்பான்மை எப்படி உருவானது? 1871-72இல் தொடங்கிய குடிமதிப்பும் அது போட்ட கட்டங்களும் இல்லாமல் அந்தப் பொருளில் ஒரு பெரும்பான்மையைக் கற்பனை செய்யவே முடியாது. எண்ணுவதற்கு முன் யாரை எதில் சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். 1910இல் குடிமதிப்பு ஆணையர் கெய்ட் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கோயிலுக்குள் விடப்படாதவர்கள், பிராமணப் புரோகிதர் வராதவர்கள் போன்றோரைத் தனியாகக் குறிக்கலாமா என்பது அதன் சாரம். பெரிய கூச்சல் எழுந்தது. கருவறைப் பக்கமே அண்டவிடாத ஒருவரை எண்ணிக்கைக்கு மட்டும் ‘நம்மவர்’ என்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும் அவசரம் அது. இங்கே பன்மையைத் தருபவர் ஒருவர், தலைமையை அனுபவிப்பவர் இன்னொருவர். தொல்காப்பிய நூற்பாவின் இரண்டு காரணங்களும் ஒரே பெயரின் கீழ் இப்படித்தான் சேர்ந்தன.

இதை யாரையும் விடத் தெளிவாகப் பார்த்தவர் அம்பேத்கர். 1945இல் பம்பாயில் வகுப்புச் சிக்கலைத் தீர்ப்பது பற்றி அவர் ஆற்றிய உரையின் மையமே அரசியல் பெரும்பான்மை, வகுப்புப் பெரும்பான்மை என்ற பிரிவுதான். அரசியல் பெரும்பான்மை செய்யப்படுவது, கலைவது, மறுபடி செய்யப்படுவது. அதற்குள் யாரும் நுழையலாம். வகுப்புப் பெரும்பான்மை பிறப்பது, அதன் கதவு மூடியது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மெஜாரிட்டி என்ற சொல்லை இந்தியாவின் பிறவிப் பெரும்பான்மைக்குச் சூட்டும்போது, முதலாவதற்கு உரிய நியாயம் இரண்டாவதற்குத் திருட்டுத்தனமாக மாற்றப்படுகிறது. ஓட்டெடுப்பில் தோற்றவர் அடுத்த தேர்தலில் ஜெயிக்கலாம். பிறப்பில் தோற்றவர் என்ன செய்வது?

தெலூஸும் கத்தாரியும் 1980இல் எழுதியது இதோடு ஒட்டி வருகிறது. பெரும்பான்மை எண்ணிக்கையால் ஆவதில்லை, அது ஒரு அளவுகோல். நகரத்தில் வாழும் வயது வந்த வெள்ளை ஆண் எண்ணிக்கையில் குறைவு என்றாலும் பெரும்பான்மை அவனே என்றார்கள். பாரிஸிலிருந்து வந்ததால் இதை நாம் வியந்து படித்தோம். ‘வயது வந்த’ என்ற அடைமொழி அங்கே ஏன் வருகிறது என்று கேட்டால், பிரெஞ்சிலும் அந்தச் சொல்லுக்கு வயதுப் பொருள் உண்டு என்பது விடை. சொல்லே அவர்களுக்கு வழி காட்டியிருக்கிறது.

இலங்கையில் 1956இன் தனிச் சிங்களச் சட்டம், தலைகளை எண்ணி மொழியின் தகுதியைத் தீர்மானித்த சட்டம். அதற்குப் பின் ஈழத்தமிழ் அரசியல் ‘சிறுபான்மை’ என்ற சொல்லையே ஏற்க மறுக்கும் இடத்துக்கு வந்தது. 1985இல் திம்புவில் தமிழர் தரப்பு வைத்த முதல் கோரிக்கை, தனித்த தேசிய இனமாக அங்கீகரிக்க வேண்டும் என்பது. பாதுகாப்புக் கேட்கும் மைனராக நிற்க மாட்டோம் என்பதே அதன் உள்ளுறை. சொல்லைப் பற்றிய சண்டை வெறும் சொற்சண்டையாக இருந்ததில்லை.

நிக்ஸனின் ‘மௌனப் பெரும்பான்மை’யையும் இங்கே வைக்கலாம். 1969 நவம்பர் 3 அன்று வியட்நாம் போர் பற்றிய தொலைக்காட்சி உரையில், தெருவில் போராடுபவர்களுக்கு எதிராக, பேசாமல் இருக்கும் பெரும்பான்மை அமெரிக்கர்களின் ஆதரவைக் கேட்டார். பேசாதவர்களின் கருத்து என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? பேசாதவர்கள் என்பதால்தான் அவர்கள் சார்பில் அவர் பேச முடிந்தது. அதற்கு முன்னால் ஆங்கிலத்தில் மௌனப் பெரும்பான்மை என்றால் இறந்தவர்கள். ‘பெரும்பான்மையோடு சேர்ந்தார்’ என்றால் செத்துப்போனார். லத்தீனிலிருந்தே வரும் வழக்கு இது. நிக்ஸன் உயிரோடு இருப்பவர்களைச் செத்தவர்களின் பெயரால் அழைத்தார், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

7

இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி வரும். ‘மாஸ்’ என்ற சொல்லைப் பாருங்கள். திரள் என்ற பொருளில் வந்தது. ‘கீவர்ட்ஸ்’ என்ற 1976 நூலில் ரேமண்ட் வில்லியம்ஸ் அதற்குள் இருக்கும் இரண்டு மனோபாவங்களைக் காட்டினார்: மேலிருந்து பார்ப்பவருக்கு இகழ்ச்சி, புரட்சியாளருக்கு நம்பிக்கை. தமிழில் மூன்றாவது ஒன்று நடந்தது. ‘மாஸ் ஹீரோ’, ‘மாஸ் சீன்’, ‘செம மாஸு’. திரளைக் குறித்த சொல் திரளிலிருந்து எழுந்து, ஸ்லோ மோஷனில் நடந்துவரும் ஒற்றை ஆளின் பண்பாகிவிட்டது. கூட்டம் அவனுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிகிறது. பன்மை தலைமையாக மாறும் கணத்தை இவ்வளவு பச்சையாக வேறெந்தச் சொல்லும் காட்டியதில்லை.

எதிர்முனையில் சிறுபத்திரிகை இருக்கிறது. ‘வெகுஜன’ என்ற சொல்லுக்குப் ‘பல மக்களுடைய’ என்றுதான் பொருள். 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய காலம் முதல் நாம் அதை ஏறத்தாழ வசையாகவே புழங்கி வந்திருக்கிறோம். பல பேர் படிக்கிறார்கள் என்பதே குற்றச்சாட்டு ஆகிவிட்டது. இருநூறு முந்நூறு பேர் படிக்கும் பத்திரிகை தன்னை ‘நலமிக்க பகுதி’ என்று எண்ணிக்கொள்வதற்கும், மடத்துத் துறவிகள் எடை போட்டதற்கும் அதிக தூரம் இல்லை. வணிக எழுத்தின் மீது நாம் வைத்த விமர்சனங்களில் பாதிக்கு மேல் சரியானவை என்பதே என் கருத்து. (பாதிக்கு மேல் என்று எண்ணித்தான் சொல்கிறேன், முக்கால்வாசி என்று சொல்லவில்லை.) ஆனால் சிறுதொகை என்பதைச் சான்றிதழாகக் காட்டும் விமர்சனம், பெருந்தொகையைச் சான்றிதழாகக் காட்டும் விளம்பரத்தின் கண்ணாடிப் பிம்பம்தான். இரண்டும் எண்ணைத் தகுதியாக்குகின்றன. தலித் எழுத்தும் பெண் எழுத்தும் வந்தபோது, வேறு விஷயங்களில் எண்ணிக்கையை இகழ்ந்த அதே விமர்சகர்கள் “பெரும்பாலான நல்ல வாசகர்கள் இதை ஏற்கவில்லை” என்று எழுதினார்கள். எந்தப் பெரும்பாலான? யார் எண்ணியது? எண்ணப்படாதவர் யார்?

என் முன்மொழிவு எளியது. ஒரு பிரதியில் பெரும்பான்மை, பெரும்பாலோர், மக்கள், ஊர், நாலு பேர் என்று எங்கே வந்தாலும் அங்கே நின்று தொல்காப்பியரின் கேள்வியைக் கேட்போம்: தலைமை பற்றியா, பன்மை பற்றியா? பன்மை என்றால், மொத்தம் எவ்வளவு, விடுபட்டவர் எவ்வளவு என்ற கணக்கைக் காட்டச் சொல்வோம். தலைமை என்றால், அந்தத் தலைமையை யார் கொடுத்தது என்று கேட்போம். காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மேஜர்களுக்கும் இந்தக் கேள்வி இலக்கணப் பயிற்சி இல்லை. வெளியே வேனில் வந்திருப்பது எத்தனை பேர், எந்தத் தலைமையின் பேரில் வந்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளும் அவசரம் அவர்களுக்கு இருக்கிறது. விமர்சனத்துக்கும் அந்த அவசரம் இருக்க வேண்டாமா என்பதை நண்பர்கள் விவாதிக்கலாம்.